இத்தாலியம்மாவின் பாட்டும் என் அக்காவும்

என் காதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லக் கூடாது. மிக்ஸி ஓடினால் எனக்குப் பல் கூசும். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பே எழுந்து வாசலுக்கு ஓடிவிடுவேன். பௌர்ணமி கிரிவலத்துக்குச் செங்கம் ரோட்டில் ஸ்பீக்கர் கட்டினால் அன்றைக்கு எனக்குச் சோறு தண்ணி கிடையாது. டாக்டர் பார்த்துவிட்டு, காதில் குறை ஒன்றுமில்லை, ஜாஸ்தியாகக் கேட்கிறது, அவ்வளவுதான் என்றார். என் வீட்டுக்காரர் ராஜேந்திரன் அதையே பிடித்துக்கொண்டார். "எறும்பு நடந்தாக்கூட எங்க கஸ்தூரிக்குத் தூக்கம் போயிடும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். வலி என்னவோ எனக்குத்தானே.

இந்தக் காதால்தான் அம்மா சாவில் என் மானம் போனது. கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டு வாசலில் பறை, தெருவில் வேட்டு, உள்ளே பெண்களின் ஒப்பாரி. எங்கள் பக்கத்தில் சாவுக்கு வருகிறவளை வீட்டுப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள். அவள் தோளில் தலை சாய்த்துப் பாடி அழுவார்கள். அவளும் பதிலுக்குப் பாட வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மெடிக்கலில் காதை அடைக்க விற்கிறார்களே ஸ்பாஞ்சு, அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, மேலே முடியை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். அக்கா சந்திரகலா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது முடி விலகிவிட்டது. அவள் பாடுவதை நிறுத்தினாள். அத்தனை பேர் எதிரில் என் காதிலிருந்து அதைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினாள்.

"பெத்தவ சாவுக்குக் காத அடைச்சிக்கினு வந்திருக்கிறா பாருங்க" என்றாள்.

நான் தோட்டத்துப் பக்கம் ஓடிப்போய் அம்மாவை எடுக்கும்வரை அங்கேயே நின்றேன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுத்த வேட்டு எப்போது வெடிக்குமோ என்று பயந்துகொண்டிருக்கிறவளுக்கு அழுகை எங்கிருந்து வரும்?

அதோடு அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள். நாளைக்கு அம்மாவுக்குக் கருமாதி. ஊருக்கெல்லாம் சொன்னவள் எனக்குச் சொல்லவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. சொல்லாத வீட்டுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? போகாவிட்டால் அக்கா உறவு அன்றோடு முடிந்தது. அம்மாவும் இல்லாமல் அக்காவும் இல்லாமல், எனக்குப் பிறந்த வீடு என்று அப்புறம் என்ன இருக்கிறது?

இந்தக் கவலைக்கு நடுவில்தான் இத்தாலியம்மா வந்து சேர்ந்தாள். எங்கள் மாடி அறையை ரமணாசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். சத்தம் கூடாது என்று சொல்லித்தான் சாவியே கொடுப்பேன். வயதான அம்மாள், சரி சரி என்று தலையாட்டினாள். மறுநாள் மதியமே ஓபரா போட்டுவிட்டாள். ஓபரா என்றால் அவர்கள் ஊர்க் கூத்து, பேச்செல்லாம் பாட்டாகவே இருக்கும். எவளோ ஒருத்தி உச்சத்தில் கத்துகிறாள். இரு, உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று படியேறினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது.

ஒரே ஒரு குரல். மெதுவாகத் தொடங்கி, இதோ ஏறப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறுகிற குரல். அது உச்சிக்குப் போனபோது இரண்டு கையாலும் காதை மூடினேன். இறங்கியபோது திறந்தேன். கதவு சாத்தியிருந்தது. யாரும் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, பதிலுக்குப் பாடு என்று கேட்கவும் இல்லை. ஒரு வார்த்தை புரியாமல் தேம்பித் தேம்பி அழுதேன். அன்றிலிருந்து துணி காயப்போடுகிற சாக்கில் தினமும் மதியம் அந்தப் படிக்குப் போனேன். அழுவதற்குத் திருட்டுத்தனமாக ஒரு இடம் பிடித்து வைத்திருந்தேன், கேவலம்.

அந்தப் பாட்டில் என்னதான் நடக்கிறது என்று இத்தாலியம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். காதலன் ஏமாற்றிவிட்டான், அவள் சாகப் போகிறாள் என்றாள். எவனோ எவளையோ ஏமாற்றினதற்கா நான் இத்தனை கண்ணீர் விட்டேன்? பெற்றவளுக்கு வராத கண்ணீர். அன்றைக்கு என்னை நானே கண்ணாடியில் பார்க்கக் கூசினேன்.

பார்க்கக் கூசினேனே தவிர, போகாமல் இருந்தேனா? இன்றைக்கும் போனேன். பாட்டு ஏற, நான் காதைப் பொத்திக்கொண்டு வாய்விட்டே அழுதேன். கண்ணைத் திறந்தால் கீழ்ப்படியில் அக்கா நிற்கிறாள். கருமாதிக்குச் சொல்ல நேரில் வந்திருக்கிறாள்.

"ஏன்டி, அம்மாவ நெனச்சிக்கினியா?" என்றாள்.

இல்லை அக்கா, பாட்டுக்கு அழுதேன் என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவள் அப்படியே திரும்பிப் போய்விடுவாள்.

"ஆமாக்கா" என்றேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ஒண்டியா உக்காந்து அழுவுறியேடி. நான் பாவி, உன்ன அத்தன பேர் எதிர்ல அசிங்கப்படுத்திட்டேனே."

என் தோளில் தலையை வைத்து ஒப்பாரியை எடுத்தாள். நேராகக் காதுக்குள். மேலே அந்தக் குரல், இங்கே இவள் குரல். கை காதுக்குப் போய்விடக் கூடாது என்று அவள் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உடம்பு கேட்கவில்லை, தூக்கிப்போட்டது. அக்கா சட்டென்று நிறுத்தினாள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"வலிக்குதா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"நெஜமாவேவா? நான் நீ பிகு பண்றன்னு நெனச்சேன்டி."

என் இரண்டு காதையும் தன் உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள். நெற்றியோடு நெற்றி வைத்து மறுபடியும் பாட ஆரம்பித்தாள். மாடிப் பாட்டு போன இடம் தெரியவில்லை. அக்கா குரல் மட்டும் சின்னதாக, வார்த்தை வார்த்தையாக வந்தது. வறுத்த மல்லாட்டைக் கடலையை மடியில் கட்டிவந்து எங்கள் இரண்டு பேருக்கும் பங்கு வைத்த அம்மா, இப்போது எங்கே போனாய் என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு அம்மா செத்துப்போனது தெரிந்தது. ஐயோ அம்மா என்று கத்தினேன். அக்கா என்னைவிட ஜாஸ்தியாக அழுதாள்.

முதலில் அழுதது அம்மாவுக்கு இல்லை என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் காதிலிருந்து கையை எடுத்துவிடுவாள். நான் சொல்லவில்லை.