பந்தல் நிழல்

"இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க, வர்றவங்க தலையில வெயில் அடிக்குது" என்று பந்தல்காரரை ஏவிக்கொண்டிருந்தான் அண்ணன். துணி முற்றத்தைக் கடந்து மீன்குளத்தின்மேலும் படர்ந்தது.

கூடத்தில் அப்பாவின் உடலுக்குத் தலைமாட்டில் அமர்ந்திருந்த தையற்காரத் தங்கை, ஓர் ஒலி அற்றுப்போனதை உணர்ந்து நிமிர்ந்தாள். குளத்துக் காற்றுப்பம்பின் முனகல்.

எழுந்து ஓடினாள். கரையோரத் தூணில் பதித்திருந்த சோலார் தகடு பந்தல் நிழலில் மூழ்கிக் கிடந்தது. மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து திறந்து மூடின. விடியுமுன் இதே கரையில் அவள் மடியில் ஏந்திய அப்பாவின் வாயும் அவ்வாறே திறந்து மூடியது.

அக்குளத்துக்கு மின்கம்பி கிடையாது. பகலில் தகடு, இரவில் பேட்டரி. பேட்டரி செத்தபின், அப்பா இரவுதோறும் இருளில் எழுந்து, குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றி மீன்களுக்கு மூச்சளித்தார். அதிலேயே தம் மூச்சை விட்டார்.

"துணிய அவுக்கச் சொல்லு."

"மீனுக்காகவா? சாவு வீட்டுல மானத்த வாங்காதடி."

"பேட்டரி வாங்கித் தரேன்னு சொன்னது யாரு?"

"வேலைம்மா... வர்ற வாரம்னு..."

"வர்ற வாரம், வர்ற வாரம்! அந்த மனுஷன் உன்ன விட்டுக்கொடுக்காம, 'பெரியவனுக்கு வேலை ஜாஸ்தி'ன்னு சொல்லிக்கிட்டே தண்ணி மொண்டாரு. இப்ப ஊருக்கு நிழல் போடுறியா? நல்லாப் போடு!"

அண்ணன் தலைகுனிந்தான். பந்தல்காரர் குறுக்கிட்டார். "ஒரு முனைய அவுத்தா மொத்தமும் சரிஞ்சிரும் தாயி. கீழ ஆளுங்க இருக்காங்க."

அவள் உள்ளே சென்றாள். தையல் இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலுடன் திரும்பி, தூணருகே நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள்.

"ஐயோ, வாடகைத் துணி தாயி!"

கோடு கிழிக்காமலே நேராக வெட்டினாள். பல்லைக் கடித்திருந்தாள், கை மட்டும் பிசகவில்லை. சதுரமாய் ஒரு வெயில் விழுந்து தகட்டின்மேல் அமர்ந்தது. பம்பு இருமி, முனகிற்று. குமிழிகள் எழுந்தன. மீன்கள் ஒவ்வொன்றாய் ஆழத்துக்கு இறங்கின.

"எடுக்கலாமா?" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இருங்க" என்றாள்.

வெயில் அதற்குள் தகட்டின் விளிம்பை நோக்கி நகர்ந்திருந்தது. வெட்டிய ஓரத்திலேயே மீண்டும் கத்தரியை வைத்தாள். நாற்காலி ஆடியது. கீழிருந்து ஒரு கை அதன் காலை இறுகப் பற்றிக்கொண்டது. யார் கையென்று அவளுக்குத் தெரியும். குனிந்து பார்க்கவில்லை.