அப்பாவும் எட்டுக்கால் விருந்தாளிகளும்

ஒரு மாதம் தங்குவதாக வந்த அப்பா இரண்டாம் நாள் காலையிலேயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இடது காதில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை.

"தண்ணி ஒத்துக்கலம்மா," என்றார்.

குளியலறைக் கதவைத் தாழிட்ட சத்தமும் திறந்த சத்தமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கேட்டபோதே மகள் குருவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். துண்டு மாட்டும் கம்பியில், எட்டுக் கால்களையும் விரித்துப் போட்டுக்கொண்டு, சொந்த வீட்டில் இருப்பதுபோல ஒரு சிலந்தி.

அப்பாவுக்குச் சிலந்தி என்றால் பயம். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவு உயரம், அதற்கேற்ற மீசை. மலைப்பாதையில் மழையிலும் மூடுபனியிலும் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் சிலந்தி என்றால் பயம். இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

குருவி என்ற பெயரை வைத்தவர் அவர்தான். சிறு வயதில் அவள் ஓயாமல் பேசுவாளாம். இப்போது காட்டோரத்து வீட்டில் உட்கார்ந்து, டவுன் நாடக அரங்கத்துக்குத் திரைச்சீலை தைக்கிறாள். புருஷன் அதே அரங்கத்தில் விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறவன். அங்கே எல்லோரும் அவனை வெளிச்சம் என்றே கூப்பிட்டார்கள். நாளடைவில் அதுவே அவன் பெயராகிவிட்டது.

அம்மா போனபிறகு அப்பா டவுனில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். சமீபத்தில் படியில் விழுந்திருக்கிறார். அதுவே கீழ்வீட்டுக்காரர் சொல்லித்தான் குருவிக்குத் தெரிந்தது. போனில் கேட்டால், "விழலம்மா. உக்காந்தேன். கொஞ்சம் வேகமா உக்காந்துட்டேன்," என்றார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான்: அப்பா இங்கே வந்துவிட வேண்டும். அவர் தலைமாட்டில் ஒரு ஜன்னல், அதற்கு வெளியே மரங்கள், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அவள். படியே இல்லாத வீடு. குறுக்கே நின்றது ஒரு விரல்கடை அகலமுள்ள பிராணி.

ஒரு பிராணி என்று சொல்வதும் சரியில்லை. காடு அந்த வீட்டின் முதுகில் சாய்ந்துகொண்டிருந்தது. சுவர் என்று ஒன்று இருப்பதை மரங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜன்னல் வழியாக இலை வரும், கதவிடுக்கில் வண்டு வரும், மழைக்கு முன்னால் சிலந்தி வரும். தையல் மிஷினுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், மழைக்காலச் செருப்புக்குள். குருவி துடைப்பத்தால் ஒரு மூலையைச் சுத்தம் செய்து திரும்புவதற்குள் எதிர்மூலையில் நூற்பு தொடங்கியிருக்கும்.

"நீ ஏன் கெடந்து அல்லாடற," என்றான் வெளிச்சம். "இதை என்கிட்ட விடு. சிலந்திக்கு என்ன புடிக்கும்?"

"அப்பாவைப் புடிக்கும்."

"இருட்டு புடிக்கும். இருட்டை எடுத்துட்டா அது எங்க நிக்கும்?"

அரங்கத்தின் பின்கட்டில் சும்மா கிடந்த நான்கு பெரிய வெள்ளை விளக்குகளை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்து, வீட்டின் நான்கு பக்கமும் கட்டினான். எங்கே நிழல் விழுகிறது, எந்தக் கோணத்தில் திருப்பினால் அது போகும் என்று ராஜா வேஷக்காரனுக்குப் பார்ப்பதைப்போல வீட்டுக்குப் பார்த்தான். அந்தி சாய்ந்ததும் விசையைப் போட்டான். குருவி வாய்பிளந்து நின்றாள். இருண்ட காட்டின் கரையில் ஒரு கப்பல் வந்து நின்றதுபோல இருந்தது வீடு.

காலையில் வாசல் கதவைத் திறந்தவள் முகத்தில் வலை ஒட்டியது. ஜன்னலுக்கு ஜன்னல் வலை. பனித்துளி கோத்து, அவள் தைக்கிற எந்தத் திரையையும்விட நேர்த்தியாகத் தொங்கியது.

"வெளிச்சம் பத்தல," என்றான் அவன், தாடையைச் சொறிந்துகொண்டு. மேலும் இரண்டு விளக்குகள் வந்தன. வலைகளும் அதற்கு ஏற்றபடி வந்தன. ஜன்னலுக்கு வெளியே கொழுத்த சிலந்திகளில் சில இடுக்கு வழியாக உள்ளேயும் வரத் தொடங்கின.

"நாளைக்கு இன்னும் ஒண்ணு கேட்டுப் பாக்கறேன்."

"சூரியனையே கேட்டுப் பாருங்க," என்றாள் குருவி.

அதற்குள் அரங்கத்தில் புது நாடகம் வந்தது. மேலாளர் ஆள் அனுப்பி ஆறு விளக்குகளையும் அவிழ்த்துக்கொண்டு போனார். வெளிச்சம் மனசொடிந்து வேலைக்குப் போனான். வீடு பழையபடி இருட்டில் உட்கார்ந்தது.

மறுநாள் குருவி வழக்கம்போல ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. அதற்கு அடுத்த நாளும் ஒட்டவில்லை. இதென்ன கூத்து என்று அன்று மாலை சமையலறையின் பின்பக்க விளக்கை மட்டும் போட்டுவிட்டு, ஜன்னலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் ஓர் அந்துப்பூச்சி வந்தது. பிறகு அதன் உறவுக்காரர்கள். கொஞ்ச நேரத்தில் காட்டிலிருந்த சிறகு முளைத்தவையெல்லாம் அந்த ஒரு விளக்கைத் தேடிக்கொண்டு வந்ததுபோல இருந்தது. கூரை விளிம்பிலிருந்து ஒரு நூல் இறங்கியது. நூலின் நுனியில், பந்தியில் இலை போட்டாகிவிட்டதா என்று பார்க்க வருகிறவரைப் போல, ஒரு சிலந்தி.

வெளிச்சம் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது."

"இப்படி ஆரம்பிச்சா பாதிக் கோவம் அப்பவே வந்துடுது."

"உங்க வெளிச்சம் சிலந்திக்குப் புடிக்குதோ இல்லையோ, பூச்சிக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. காட்டுல இருக்கற பூச்சி மொத்தமும் நம்ம வீட்டைப் பாத்துத்தான் வருது. பூச்சி எங்கயோ அங்க சிலந்தி. நாம போட்டது வேலி இல்ல. விருந்து."

அவன் வாசலிலேயே உட்கார்ந்தான். விளக்குகள் கட்டியிருந்த இடங்களை விரல்விட்டு எண்ணினான்.

"மொத்தம் ஆறு விளக்கு," என்றான்.

"ம்."

"அதுல ரெண்டு நான் அப்புறமா சேத்தது."

"ம்."

"பத்தலைன்னு நெனச்சு." அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறானோ என்று குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். "இத்தனை வருஷமா மேடைக்கு விளக்குப் போடறேன். இந்த மாதிரி கூட்டம் ஒரு நாளும் வந்ததில்ல."

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான வேலை. அதில் அழகு ஒன்றும் இல்லை, ஆனால் இருவருக்கும் அப்படியொரு உற்சாகம். வாசல் விளக்கைக் கழற்றித் தூரத்து வேலிக்கம்பத்தில் மாட்டி, மங்கலான மஞ்சள் பல்பு போட்டார்கள். சுவரை ஒட்டி அடுக்கியிருந்த விறகை முற்றத்தின் கோடிக்கு மாற்றினார்கள். சுவரில் ஏறிக்கிடந்த கொடியை அறுத்தார்கள். ஜன்னல் சட்டத்தின் விரிசல்களைப் பசை வைத்து அடைத்தார்கள். காற்றுத் துளைகளுக்குப் பொடிக்கண் வலை அடித்தார்கள். அட்டைப்பெட்டிகள் போய் மூடிபோட்ட டப்பாக்கள் வந்தன. கதவுக்கு அடியில் இருந்த சந்துக்காகக் குருவி, மிச்சமிருந்த சிவப்பு வெல்வெட்டில் நீளப் பை தைத்து மணல் நிரப்பிப் போட்டாள். வீட்டு வாசலில் அரசகுலத்துப் பாம்பு ஒன்று படுத்திருப்பது போல இருந்தது. தூசி உறிஞ்சும் மிஷினோடு வெளிச்சம் கட்டிலுக்கு அடியில் புகுந்தால் காலைப் பிடித்து இழுத்தால்தான் வெளியே வருவான்.

வீடு தயாரானதும் போன் செய்தாள்.

"எப்பப்பா வர்றீங்க?"

"வரணும்மா. அந்தத் தண்ணிதான்... இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா சுத்தமாயிடுச்சுப்பா."

"குளியலறையிலயும்?"

"அங்கதான் மொதல்ல."

"மூலையில எல்லாம்?"

தண்ணீர் மூலையில் எப்படி இருக்கும் என்று அவள் கேட்கவில்லை. "மூலையில, கட்டிலுக்கு அடியில, ஜன்னலுக்கு மேல. எங்கயும் இல்லப்பா."

"அப்ப சரி. வந்து பாக்கறேன்."

வந்தார். கையில் இருந்தது இரண்டு சட்டைக்கு மேல் கொள்ளாத பை. தங்க வருகிறவரின் பை இல்லை அது என்று குருவிக்குத் தெரிந்தது. அப்பா வீட்டைச் சுற்றி வந்தார். பேருந்தை எடுப்பதற்கு முன் டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி தலையணையைத் தட்டினார், திரைச்சீலையைத் தட்டினார், செருப்பைக் கவிழ்த்துத் தட்டினார். முதல் நாள் குளியலறையில் இருமிக்கொண்டே குளித்தார். அடுத்த நாள் உள்ளிருந்து பாட்டு கேட்டது. வெளிச்சம் தாளம் போட்டுக்கொண்டே குருவியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அதற்கு அடுத்த நாள், பொழுது சாய்ந்ததும் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கணப்பில் விறகு எரிந்தது. அப்பா மலைப்பாதையின் ஒரு வளைவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த வளைவுல எதிர்ல லாரி வந்தா ஒண்ணும் பண்ண முடியாது, மாப்பிள்ளை. அந்த வளைவுல..." பேச்சு நின்றது. "அந்த வளைவுல..."

குருவி அவர் பார்வை போன திசையில் பார்த்தாள். வெளிச்சத்தின் தலைக்குப் பின்னால், சுவரில், நன்றாக வளர்ந்த சிலந்தி ஒன்று நிதானமாக நடந்துகொண்டிருந்தது. இருவரும் பார்ப்பதைப் பார்த்து வெளிச்சமும் திரும்பினான். மூன்று பேரும் பார்த்தார்கள். மூன்று பேரும் பார்க்காத மாதிரி தட்டுக்குத் திரும்பினார்கள்.

"சாப்பாடு நல்லா இருக்கு," என்றார் அப்பா.

"ஆமா மாமா."

"உப்பு சரியா இருக்கு."

சிலந்தி சுவரை விட்டு மேஜை விளிம்புக்கு இறங்கியது. அடுத்த நொடி அப்பா நாற்காலிமேல் நின்றிருந்தார். முட்டிவலிக்காரர் எப்படி ஏறினார் என்பதை அவராலேயே பிறகு சொல்ல முடியவில்லை. மேலே ஏறியாகிவிட்டது, காரணம் வேண்டும். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பல்பு மாத்தணுமான்னு பாக்கறேன்."

"நேத்துதான் மாத்தினேன் மாமா," என்றான் வெளிச்சம்.

இனி நாளைக் காலையில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. பை தோளில் ஏறும். மூன்றாவது மாடியின் படிகள் அவரைக் கூட்டிக்கொண்டு போகும். குருவிக்கு இத்தனை நாள் இருந்த தயக்கம் ஒரேயடியாக விலக, "அப்பா, எங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"தண்ணியைப் பத்தி."

நாற்காலி மேலிருந்து அப்பா குனிந்து அவளைப் பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"சின்னப் புள்ளையிலேர்ந்து. ஒருநாள் பஸ்ஸை நடுக்காட்டுல நிறுத்தி அத்தனை பேரையும் இறக்கி விட்டீங்களே."

"அது இன்ஜின் சூடு."

"கண்ணாடியில சிலந்தி இருந்துச்சுன்னு கண்டக்டர் மாமா வீட்டுல வந்து சொன்னார். அம்மாவுக்குச் சிரிச்சு சிரிச்சுப் பொரையேறிடுச்சு."

"அவன் வேற யார்கிட்டயும் சொல்லலியே?"

"டெப்போவுல யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்கப்பா."

அப்பாவின் மீசை ஒரு பக்கமாக இழுத்தது. பிறகு மறுபக்கம். "அப்ப இத்தனை வருஷமா," என்றார், "நான் ஒருத்தன்தான் யாருக்கும் தெரியாதுன்னு கஷ்டப்பட்டு மறைச்சிருக்கேன்." சொல்லி முடிப்பதற்குள் வயிறு குலுங்கத் தொடங்கிவிட்டது. அவர் சிரிப்பில் நாற்காலி ஆடியது. வெளிச்சம் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டான். அவனும் சிரித்ததில் இன்னும் ஆடியது.

குருவி சிலந்தியின்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி, வெளியே எடுத்துப் போனாள்.

"தூரமா விடு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இன்னும் தூரமா. அந்தப் பெரிய மரத்துக்கு அந்தப் பக்கம்."

அவள் திரும்பி வந்தபோது அப்பா இறங்கியிருந்தார். முகத்தில் வெட்கம் இல்லை, விசாரணை இருந்தது.

"கதவு அடைச்சிருக்கு. ஜன்னல் அடைச்சிருக்கு. எப்படி வந்துச்சு?"

வெளிச்சம் மெதுவாகக் கையைத் தூக்கினான். "சாயங்காலம் விறகு நான்தான் கொண்டு வந்தேன். தட்டாம."

"டிக்கெட் இல்லாத ஆளை ஏத்திட்டு வந்திருக்கீங்க, மாப்பிள்ளை."

"தப்புதான் மாமா."

மறுநாள் காலை தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த குருவிக்கு முற்றத்திலிருந்து அதட்டல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வெளிச்சம் ஒவ்வொரு கட்டையாக எடுத்துக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தான். நல்ல தூரத்தில், சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு அப்பா நின்றார். "இன்னொரு தட்டு. அந்தப் பட்டைக்குள்ள பாருங்க. ம், எறங்கு எறங்கு, வண்டி இதுக்கு மேல போகாது." பிறகு நீளக்கம்பில் கட்டிய துடைப்பத்தை முழுக் கையையும் நீட்டிப் பிடித்து, கூரை விளிம்பை ஒரு சுற்று தட்டி வந்தார். பயந்துகொண்டேதான் செய்தார். பயத்தை மறைக்க வேண்டிய வேலை இல்லாததால் கை நன்றாக ஓடியது.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர் அவள் எதிரில் உட்கார்ந்தார். கத்தரிக்கோலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"டவுன் வீட்டுல என் கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கு."

"தெரியும்பா. பச்சைப் பெட்டி."

"அதை ரொம்ப வருஷமா திறக்கல."

"ஏன்பா?"

"நீயே இப்படிக் கேட்டா எப்படி." கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அது இங்க வந்தா நேரா வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாது. முற்றத்துல வெக்கணும். மாப்பிள்ளை திறக்கட்டும். நீ தட்டு."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் உள்ள ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருப்பேன்."

மிஷின் சக்கரம் அவள் கைக்கு அடியில் தானாக ஒரு சுற்று சுற்றி நின்றது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. "பெட்டிக்கு மட்டும் வண்டி சொன்னாப் போதுமாப்பா?"

"கட்டிலையும் ஏத்திக்கச் சொல்லு," என்றார் அப்பா. "அதையும் அடியில நல்லாத் தட்டணும்."