மைக் தொடாத குடும்பம்

குருவியின் பெயரை அப்பா அடித்த வேகத்தில் பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு மேஜை விரிப்பு வரை இறங்கிவிட்டது.

"யாரு இந்தக் குருவி?" என்று அடித்த பிறகுதான் கேட்டார். முப்பத்தொரு வருஷம் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் அடிப்பது, பிறகு விசாரிப்பது என்பது அங்கே படிந்த பழக்கம்.

"என்கூட ரிலே ஓடினவப்பா. நான் கொண்டுபோற பேட்டனை வாங்கிட்டு அடுத்த நூறு மீட்டர் ஓடுவா."

"ஓடட்டும். எந்த வீட்டுப் பொண்ணு?"

மகள் வாயைத் திறக்கவில்லை. அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சட்டைக்காகப் பனியனோடு காத்திருந்த அண்ணன் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தான். "அவ காலேஜ்ல கக்கூஸ் கழுவுதே ஒரு அம்மா, அதோட பொண்ணுப்பா. எல்லாரும் ஒரே பாட்டில்ல தண்ணி குடிப்பாங்க."

அப்பா ஏற்கனவே அடித்த பெயரை இன்னொரு முறை அடித்தார்.

அன்று சாயங்காலம் கல்லூரியில் இறுதியாண்டு விளையாட்டு மாணவிகளுக்கு வழியனுப்பு விழா. அணித் தலைவி மேடையேறி, தன்னை ஓட வைத்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, கையிலிருக்கும் பேட்டனை அடுத்த வருஷத் தலைவியிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். அதற்காக மகள் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். காலையிலிருந்து அந்த இரண்டு பக்கம்தான் சிவப்பு மையில் குளித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு அக்கறைக்குக் காரணம் இருந்தது. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது. சம்பந்தியாகப் போகிறவர் பெரிய மரச்சாமான் கடைக்காரர். கல்லூரி அரங்கத்துக்கு நாற்காலிகள் கொடுத்தவர் என்பதால் அன்றைய விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். அவர் காதில் எது விழலாம், எது விழக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை அப்பா தானாகவே தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அடுத்தது யாரு? விசில் டீச்சரா?" பேனா மறுபடி இறங்கியது. "புருஷன் வேண்டாம்னு பொட்டியைத் தூக்கிட்டு வந்தவளுக்கு நன்றியா? அதுவும் சம்பந்தி முன்னாடி? நாளைக்கு நானும் இப்படித்தான் வருவேன்னு நீயே சொல்லிட்டு உக்கார்ற மாதிரி இருக்கும்."

"எங்களை ஓடப் பழக்க நாலு வருஷம் காலையில அஞ்சு மணிக்கு வந்து நின்னவங்கப்பா."

"வேற வேலை இல்ல, நின்னா."

மிச்சம் இருந்தது பேட்டரி, கண்ணாடி என்று பட்டப்பெயர் வாங்கிய இரண்டு தோழிகள். மூன்றாவது, நான்காவது ஓட்டக்காரிகள். அவர்கள் குடும்பத்தில் அப்பாவுக்குக் குறை ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு அவர்களையும் அடித்தார்.

"ரெண்டு பேரை விட்டுட்டு ரெண்டு பேரைச் சொன்னா, விட்டது யாருன்னு கேப்பாங்க. மொத்தமா 'சக மாணவிகள்'னு போட்டுட்டா ஒரு பிரச்சனையும் இல்ல."

இந்த யோசனையில் அவருக்கே ஒரு பெருமை வந்தது. நாலு வருஷ வியர்வையை இரண்டு வார்த்தையில் மூட்டை கட்டிவிட்ட திருப்தியோடு பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தைப் படித்தபோது முகம் மாறியது. அதை அவர் அடிக்கவில்லை. அடித்தாலும் அடியில் எழுத்து தெரியும் என்று அவருக்குத் தெரியும். நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"இல்லப்பா. இன்னைக்குத்தான் சொல்லணும்."

"நல்லதாப் போச்சு. சொல்லாதே."

அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான். பதினோரு மாதத்துக்கு முன், பல்கலைக்கழகப் போட்டியின் கடைசி ஓட்டத்தில், முதல் நூறு மீட்டரை முன்னிலையில் ஓடி வந்த மகள், குருவியின் கை பேட்டனை இறுக்கிப் பிடிக்கும் முன்பே தன் கையை விட்டுவிட்டாள். பேட்டன் தரையில் உருண்டது. அணி தோற்றது. 'உன்னால ஒரு தலைகுனிவு வந்துச்சுன்னா அன்னைக்கே ஓட்டத்துக்கு முழுக்கு' என்று அப்பா எச்சரித்திருந்தது குருவிக்குத் தெரியும். யார் விட்டது என்று முதல்வர் அம்மாள் கேட்டபோது, மகள் வாயைத் திறப்பதற்குள் குருவி முந்திக்கொண்டாள். "நான்தான் மேடம். கை வழுக்கிடுச்சு."

குருவியை மிச்சப் போட்டிகளிலிருந்து நிறுத்தினார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று சொல்லலாம். கல்லூரி ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. 'கழுவுற கைதானே, வழுக்கத்தான் செய்யும்.' மாணவிகள் சொன்னார்கள், அலுவலகத்தில் சொன்னார்கள், கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே கழுவிக்கொண்டிருந்த குருவியின் அம்மா காதில் விழும்படியும் சொன்னார்கள். படிப்பு நிறைய ஏறிய இடம் அது.

பதினோரு மாதமும் மகள் பேசாமல் இருந்தாள். அதற்காக அவளை மன்னித்துவிட வேண்டியதில்லை. ஓடத் தெரிந்தவள், பதக்கம் வாங்கியவள், ஆனாலும் அந்த வீட்டுப் பெண்தானே. வாயை மூடிக்கொள்வதில் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பயிற்சி. ராத்திரி பகலாக உறுத்தி உறுத்தி, கடைசியில் விழா மேடையில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அந்தப் பக்கத்தை எழுதினாள். இன்றைக்கு விட்டால் கல்லூரி முடிந்தது. அப்புறம் சொல்ல மேடையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. குருவி அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டே வெளியே போவாள்.

"அப்பா, அது என் தப்பு. அவ பேர்ல கிடக்கு."

"கிடந்தா என்ன? அவளுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது? பேரு இருக்கிறவனுக்குத்தான் பேரு கெடும்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்துக்கொண்டே, "பேசாம இருந்துடேம்மா. ஒரு நாள்தானே" என்றாள். அம்மாவின் அந்த ஒரு நாள் இருபத்தாறு வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

இதற்கு மேல் ஒரு வெடியை அப்பா மிச்சம் வைத்திருந்தார். அரைப் பக்கமாகச் சுருங்கிய தாளில் தன் பங்குக்குச் சில நன்றிகளை எழுதிச் சேர்த்து, மகளிடம் கொடுக்காமல் மகனிடம் நீட்டினார்.

"நீ படிச்சிடுடா. நம்ம வீட்டுப் பொம்பளைங்க மைக் பிடிச்சதில்ல. சம்பந்தி வீட்டுலயும் அதேதான் எதிர்பார்ப்பாங்க."

இந்த வழக்கம் எந்தக் காலத்தில் தொடங்கியது என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. மைக் கண்டுபிடித்த பிறகுதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் தாத்தாவுக்குத் தாத்தா காலத்து வழக்கம் என்றுதான் அப்பா எல்லாரிடமும் சொல்லி வந்தார்.

அண்ணன் இஸ்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று இருமிப் பார்த்தான். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியறியாத உடம்பு அது.

*

அரங்கம் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. முதல் வரிசையில், தான் கொடுத்த நாற்காலியிலேயே சம்பந்தி அமர்ந்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை, அதற்கடுத்து அப்பாவும் அம்மாவும். ஒன்பதாவது வரிசையில் சுவரோரமாகக் குருவியும், பேட்டரியும், கண்ணாடியும். கதவருகே கழுத்தில் விசிலோடு டீச்சர் நின்றிருந்தார். கடைசி வரிசைக்கும் பின்னால், வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கை ஈரத்தைச் சேலையில் துடைத்தபடி குருவியின் அம்மா நின்றாள். உட்கார இடமிருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அணித் தலைவியின் பெயரை அறிவித்தார்கள். மகளோடு அண்ணனும் மேடையேறினான். அரங்கத்தில் ஒரு சலசலப்பு. அண்ணன் மைக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தான். பிறகு படித்தான்.

"என் தங்கை நாலு பெருக்கல் நூறு மீட்டர் ஓட்டத்தில்…"

மாணவிகள் பகுதியில் சிரிப்பு பொங்கியது. தாளில் 4x100 என்று எழுதியிருந்த ரிலேயின் பெயரை அவன் வாய்ப்பாடாக நினைத்துவிட்டான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அவனும் சிரித்துக்கொண்டு மேலே படித்தான். ஓட அனுமதி கொடுத்த தந்தைக்கு நன்றி. இனிமேல் அனுமதி கொடுக்க இருக்கும் மாமனாருக்கு நன்றி. நாற்காலிகளுக்கு நன்றி. சக மாணவிகளுக்கும் நன்றி. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்தில் மகள் கைகட்டி நின்றாள்.

அடுத்து சம்பந்தி மேடையேறினார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் ஒரு கண்ணாடி அலமாரியைத் தூக்கி வந்து வைத்தார்கள்.

"மருமகளோட மெடல் எல்லாம் இதுல வைக்கலாம். நம்ம கடையிலேயே உசத்தி சரக்கு, கரையான் அண்டாது" என்றார். "பொண்ணு இவ்வளவு நாள் ஓடினது போதும். எங்க வீட்டுல ஓட வேண்டிய அவசியமே இல்ல. கூப்பிட்ட குரலுக்கு வந்தா போதும்."

பலத்த கைத்தட்டல். அலமாரிச் சாவியை அவர் மருமகளிடம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார். அதற்கும் தட்டினார்கள்.

கடைசி நிகழ்ச்சி பேட்டன் ஒப்படைப்பு. முதல்வர் அம்மாள் பேட்டனை மகளின் கையில் வைத்துவிட்டு, மேடையின் மறுபக்கம் நின்ற அடுத்த வருஷத் தலைவியைக் காட்டினார். கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

பேட்டன் கைக்கு வந்ததும் மகள் அதை இறுக்கிப் பிடித்தாள். அவள் மறுபக்கம் போகவில்லை. மைக்கைத் தாண்டி மேடையின் முன் விளிம்புக்கு வந்தாள்.

"குருவி!"

மைதானத்தின் அடுத்த முனைக்குக் கேட்க வேண்டும் என்று நாலு வருஷம் பழக்கிய குரல் அது. ஓட்டத்தில் எட்டு அணியும் ஒரே நேரத்தில் கத்தும். அந்த இரைச்சலில் எந்தக் குரலுக்குக் கையை நீட்டுவது என்று குழப்பம் வராமலிருக்க, வாங்குகிறவளின் பெயரைச் சொல்லிக் கத்து என்று பழக்கியவர் விசில் டீச்சர். 'வாங்குறவ திரும்பிப் பாக்கக் கூடாது. குரலை நம்பிக் கையை நீட்டணும்' என்பது அவருடைய இன்னொரு பாடம்.

ஒன்பதாவது வரிசையில் குருவி திடுக்கிட்டு எழுந்தாள்.

"குருவி!"

இரண்டாவது அழைப்பில் அவளுக்குப் புரிந்துவிட்டது. நடைபாதைக்கு வந்தாள். மேடைக்கு முதுகைக் காட்டி நின்றாள். வலது கை பின்னால் நீண்டு உள்ளங்கை விரிந்தது.

"போன வருஷம் ஃபைனல்ல பேட்டன் விழுந்துச்சே, அதை விட்டது நான்!" மகள் படிகளில் இறங்கிக்கொண்டே கத்தினாள். "அவ கை வழுக்கல. அவ பிடிக்கிறதுக்கு முன்னாடி நான் விட்டுட்டேன். எங்க வீட்டுல என்னை நிறுத்திடுவாங்கன்னு பழியை அவ ஏத்துக்கிட்டா. கழுவுற கை, கழுவுற கைன்னு நீங்க எல்லாரும் சொன்னீங்க. நானும் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன். உங்க எல்லாரையும் விட நான்தான் கேவலம்!"

அரங்கத்தில் ஒரு நாற்காலி கூட நகரவில்லை. அலுவலகத்துக்காரர்கள் சிலர் தங்கள் செருப்பைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"டீச்சர்! நான் ஓடினது உங்களால. பேட்டரி! கண்ணாடி! உங்களாலயும்தான்!"

பேட்டரியும் கண்ணாடியும் எழுந்து, தாங்களும் முதுகைக் காட்டிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். டீச்சர் விசிலை வாயில் வைத்தார். ஊதாமலே திரும்பக் கழுத்தில் தொங்கவிட்டார்.

மகள் நடைபாதையில் நடந்து வந்து குருவியின் உள்ளங்கையில் பேட்டனை வைத்தாள். தன் கையை எடுக்கவில்லை.

"பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிட்டேன்டி. விடு."

"நல்லாப் பிடிச்சிட்டியா?"

"விடுடி, லூசு." குருவி திரும்பாமலே அழுதாள்.

அப்புறம்தான் மகள் விட்டாள். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற குருவியின் அம்மா தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி, முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள்.

மேடையில் சம்பந்தி, மாப்பிள்ளையின் கையிலிருந்து சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். கீழே இறங்கி, அப்பாவைப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார். அப்பா பின்னாலேயே ஓடினார். வாழ்க்கையில் அவர் ஓடியதை அன்றுதான் குடும்பம் பார்த்தது.

"சம்பந்தி, சம்பந்தி, ஒரு நிமிஷம்! தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம பொண்ணு கடைசி வரைக்கும் மைக்கைத் தொடவே இல்ல, பாத்தீங்கல்ல?"

அது உண்மைதான். கண்ணாடி அலமாரி மறுநாள் காலையில் கடைக்கே திரும்பிப் போயிற்று, சம்பந்தமும் அதோடு போயிற்று. குடும்ப வழக்கத்துக்கு மட்டும் ஒரு கீறலும் விழவில்லை.