ஹம்ரோவின் இடது கால்

ஆப்கான் போரிலிருந்து வீடு திரும்பிய ஹம்ரோ, தன் சொந்த வீட்டு முற்றத்தில் ஒரு கண்ணிவெடியை மிதித்தான். மிதித்த காலை ஐந்து வருஷத்துக்கு எடுக்கவில்லை. அந்த இடத்தில் அதுவரை யாரும் புதைத்ததெல்லாம் குளிர்காலத்துக்கான கேரட்தான். அதையும் தோண்டித் தின்று முடித்தாகிவிட்டது. அன்று காலைகூட அவன் மனைவி மவ்ஜூதா அதே இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தாள். இருந்தாலும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. தெருக்கோடி டீக்கடையில் சீனிக்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள், தங்கள் பல்தான் உடைந்துவிட்டதோ என்று நாக்கால் தடவிப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் மவ்ஜூதா, அவன் போன பிறகு பிறந்த மகள் சவ்ரியைத் துணியில் சுற்றி இரண்டு கைகளாலும் அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிய ஹம்ரோ, அதே கையைப் புரட்டி, கிட்டே வராதே என்று காட்டினான்.

முதலில் நாங்கள் நம்பவில்லை. போருக்குப் போய்வந்த பையன்களிடம் இப்படி ஏதாவது ஒன்று இருப்பது வழக்கம்தான். மேல்தெருவில் ஒருத்தன் மேஜைக்கடியில்தான் சாப்பிடுவான். ஆனால் அடுத்த வாரமே முற்றத்து வாய்க்கால் அவனைச் சுற்றி வளைந்து ஓட ஆரம்பித்தது. யாரும் வெட்டிவிடவில்லை, தண்ணீரே ஒதுங்கிக்கொண்டது. ஹம்ரோ உடம்பைக் கொஞ்சம் அசைத்தால், தெருவில் எல்லா வீட்டு அலமாரிகளிலும் டீக்கிண்ணங்கள் நடுங்கின. அவனுக்குத் தும்மல் வந்தால் கிண்ணங்களைப் பிடித்துக்கொள்ளப் பெண்கள் ஓடினார்கள். கடைசியில் ராணுவ அலுவலகம் ஒரு வெடிகுண்டு நிபுணரை அனுப்பியது. இளவயது அதிகாரி. காதில் கருவியை மாட்டிக்கொண்டு முற்றம் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றுமில்லை, இது நரம்புக் கோளாறு என்றார். சொல்லிவிட்டு, தான் வந்த அடித்தடங்களிலேயே காலை வைத்து வைத்துப் பின்பக்கமாக நடந்து வெளியே போனார். அதைப் பார்த்த பிறகு யாரும் அந்த வீட்டுக் கதவை அறைந்து சாத்தவில்லை.

ஹம்ரோ முற்றத்துப் பாதாமி மரத்தடியிலேயே நின்றான், ஆப்ரிகாட் என்பார்களே, அந்தப் பழ மரம். நின்றே தின்றான். தூக்கம் வந்தால் கல்யாணத்தன்று கட்டிய இடுப்புக் கச்சையால் தன்னை மரத்தோடு கட்டிக்கொண்டான். பனிக்காலத்தில் மவ்ஜூதா அவன் மேல் கம்பளிக் கோட்டைப் போட்டு, கோட்டின் மேல் விழுந்த பனியைத் துடைப்பத்தால் தட்டிவிட்டாள். மற்ற தேவைகளுக்கு ஒரு வாளியும் ஒரு திரையும் இருந்தன. அதைப் பற்றி ஊரில் யாரும் கேலி பேசவில்லை, டீக்கடை நிசோமைத் தவிர. நிசோம் பெருத்த உடம்புக்காரன், உடம்பைவிடப் பெருத்த வாய். தினமும் வேலிக்கு வெளியே வந்து நிற்பான்.

“என்னடா தம்பி, வேர் விட்டாச்சா? அந்த மரமாவது வருஷத்துக்கு ஒருதரம் காய்க்குது.”

“போண்ணே. அதிர்ந்து பேசாதே.”

“ஒண்ணுமில்லடா அங்க. காலைத் தூக்கு. வெடிச்சா என் கடையை உனக்கு எழுதி வைக்கறேன்.”

ஹம்ரோ தூக்கவில்லை. அவனை அனுப்பிய ராணுவம் எங்களைவிட்டுப் போனது, பள்ளிக்கூடத்துக் கொடி மாறியது, நாட்டின் பெயரே மாறியது. போர் முடிந்ததாக ரேடியோவில் பல தடவை சொன்னார்கள். காலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இதற்கிடையில் சவ்ரி தவழ்ந்து, நடந்து, ஓடக் கற்றுக்கொண்டாள். அவளுக்காக முற்றத்தில் செங்கல் வரிசை ஒன்று போட்டிருந்தார்கள், அதைத் தாண்டக்கூடாது. செங்கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பாவுக்கு உலர்ந்த பாதாமியை எறிவாள், அவன் வாயால் பிடிப்பான், இருவரும் சிரிப்பார்கள். அப்பா என்றால் எறிதூரத்தில் நிற்கிற ஆள் என்றுதான் அந்தக் குழந்தை நினைத்திருந்தது. பெற்ற பிள்ளையின் தலையை ஒரு தடவைகூட முகர்ந்து பார்க்காதவனை நினைத்தால், எங்களில் பலருக்குச் சோறு இறங்காது.

ஐந்தாம் வருஷம், பாதாமி பழுத்த ஒரு மத்தியானம், சவ்ரி செங்கல்லைத் தாண்டினாள். பழம் நன்றாகக் கனிந்திருந்தது, எறிந்தால் நசுங்கிவிடும். அதனால் கையில் ஏந்திக்கொண்டு கொடுக்கப் போனாள். ஹம்ரோ கண்ணயர்ந்திருந்தான். கண்ணைத் திறந்தபோது அவள் அவன் முழங்காலருகே, இடது பூட்ஸின் மேல் ஏறி நிற்கக் காலைத் தூக்கியிருந்தாள். அவன் போட்ட சத்தத்தில் தெருவிலிருந்த கிண்ணங்களில் பாதி தரையில் விழுந்து உடைந்தன. குழந்தை ஓடிப்போய்க் கோழிக்கூண்டுக்குள் ஒளிந்துகொண்டது. சாயங்காலம்வரை வெளியே வரவில்லை, அன்று முதல் பாதாமி எறியவுமில்லை.

அன்றைக்குத்தான் மவ்ஜூதா செங்கல் வரிசையில் உட்கார்ந்து, ஐந்து வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

“அங்க என்னதான் நடந்துச்சு? சொல்லுங்க. இனிமே பயப்பட என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல.”

அவன் சொன்னான். கோஸ்த்யா என்று ஒருத்தன், வோல்கா நதிப்பக்கத்து டிராக்டர்காரன், படையில் அவனுடைய கூட்டாளி. ஒரு கிராமத்து வாசலில் கண்ணிவெடியை மிதித்துவிட்டு அப்படியே நின்றான். நிபுணரை அழைத்துவர ஆள் போனது, ஆள் திரும்பவில்லை, வெயில் ஏறியது. ஹம்ரோ பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“கால் நடுங்குதுடான்னான். கொஞ்ச நேரம் நீ மிதிச்சுக்கோ, காலை நீட்டிக்கறேன், திரும்ப வந்து நின்னுக்கறேன்னு கேட்டான். சத்தியமா வருவேன்னான். நான் மிதிக்கல, மவ்ஜூதா. தண்ணி கொண்டாரேன்னு சொல்லிட்டு நடந்தேன். பாதி தூரம் போறப்ப கேட்டுது.”

மவ்ஜூதா அழவில்லை. எழுந்துபோய்ப் பெரிய கொப்பரையைத் துலக்கினாள். மறுநாள் காலை வீடு வீடாகப் போய் ஹஷாருக்குக் கூப்பிட்டாள். சுவர் எழுப்ப, கூரை போட ஒருத்தர் கை போதாதபோது ஊரைக் கூப்பிடுவது எங்களுக்கு ஹஷார். கூலி கிடையாது, வயிறு நிறையச் சோறு உண்டு. கூப்பிட்டு வராதவனுடைய கூரை ஒழுகினால் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. என்ன வேலை என்று கேட்பதும் மரியாதையில்லை. ஆகவே எல்லோரும் வழக்கம்போல மண்வெட்டியோடு போனோம்.

அதுதான் தப்பாகிவிட்டது. ஊர் முழுக்க மண்வெட்டியோடு வாசலில் நுழைவதைப் பார்த்த ஹம்ரோ, தன் காலடியைத் தோண்டத்தான் வருகிறார்கள் என்று நினைத்தான். வராதீங்க, வராதீங்க என்று கத்தினான். மரத்திலிருந்து பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. மவ்ஜூதா எங்கள் கையிலிருந்த மண்வெட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி வெளியே சாய்த்துவைத்துவிட்டு வந்தாள்.

“சுவர் வேலை இல்ல. என் வீட்டுக்காரர் கால்ல ஒரு பாரம் இருக்கு. ஒருத்தரால முடியல. முறைவச்சு மிதிச்சுக்கணும். யார் முதல்ல?”

ஒன்றுமில்லை என்று ஐந்து வருஷமாகச் சொன்னவர்கள்தான் முதலில் தரையைப் பார்த்தார்கள். மவ்ஜூதா நேராக நிசோமிடம் போனாள்.

“அண்ணே, ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“சொன்னேன்தான், தங்கச்சி.” நிசோம் உதட்டை நக்கிக்கொண்டான். “புதுச் செருப்பு போட்டிருக்கேனே.”

அவன் செருப்பைக் கழற்றினான். செங்கல்லைத் தாண்டினான். அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்ததை வேலியில் நின்றவர்கள்கூடப் பார்த்தார்கள்.

“வேண்டாம்ணே. போயிடுண்ணே” என்றான் ஹம்ரோ.

“வாயை மூடுடா. எனக்கு மனசு மாறறதுக்குள்ள சீக்கிரம் ஆகட்டும்.”

நிசோம் தன் வலது காலை ஹம்ரோவின் பூட்ஸ் மேல் வைத்து மெல்ல மெல்ல உடம்பின் பாரத்தை இறக்கினான். மவ்ஜூதா மண்டியிட்டு நாடாவைக் கத்தியால் அறுத்தாள். பூட்ஸ் இருந்த இடத்திலேயே இருக்க, அதற்குள்ளிருந்து ஹம்ரோ காலை உருவினான். வெயிலே படாத முள்ளங்கி மாதிரி வெளுத்த கால். நிசோம் முழுப் பாரத்தையும் ஊன்றினான். தெருக்கோடியில் அவன் கடைக் கிண்ணங்களே கலகலத்தன. பிறகு அடங்கின. வெடிக்கவில்லை. காலுக்கடியில் என்னமோ உயிரோடு இருப்பது தெரிகிறது என்றும், சுடுகிறது என்றும் மட்டும் சொன்னான். சோறு ஆறுவதற்குள் எனக்கொரு தட்டு இங்கேயே கொண்டாங்க என்றான். அடுத்தடுத்த தெருக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

அன்று ஹம்ரோ தன் வீட்டுக்குள் படுத்தான். ஆனால் படுக்கையிலும் இடது கால் மெத்தையை அழுத்திக்கொண்டே இருந்தது, தூக்கம் வரவில்லை. சவ்ரி கதவோரம் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து அந்தக் காலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் புடிச்சுக்கறேன். நீ தூங்குப்பா.”

அவன் மறுநாள் மத்தியானம்வரை தூங்கினான்.

இப்போது சவ்ரிக்கே கல்யாணம் ஆகிவிட்டது. முறை தெருவாரியாக நடக்கிறது. பெண்கள் நிற்கும்போது பின்னல் வேலை செய்கிறார்கள், ஆண்கள் ரேடியோ கேட்கிறார்கள். யாராவது அசைந்தால் கிண்ணங்கள் அதிரும், ஒழுங்கா நில்லு என்று அக்கம்பக்கத்தில் குரல் வரும். பூட்ஸின் மேல்தோல் தேய்ந்துவிட்டதால் போன மாதம் செருப்புத் தைப்பவர் புதுத்தோல் வைத்துத் தைத்தார், நின்றவர் காலை எடுக்காமலே. ஹம்ரோவுக்கு மட்டும் நாங்கள் முறை கொடுப்பதில்லை. ஆனால் அவன் தினமும் டீக்கிண்ணத்தோடு வந்து, நிற்பவர் பக்கத்தில் தானும் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அடுத்த ஆள் வந்து மிதிக்கும்வரை அவன் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.