மஹ்லியோ ரொட்டி செய்த மென்பொருள்

"ரொம்ப ஈசி அண்ணி. சின்னக் குழந்தைகூடப் பண்ணிடும்."

தில்முரோத் இதைச் சொன்னபோது மஹ்லியோ நம்பினாள், பாவம். கணினி தெரிந்த கொழுந்தன் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அதே வார்த்தையை ஒன்பது நாளில் மூன்று தடவை கேட்க வேண்டிவரும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

கதை இதுதான், கண்ணுகளா. எங்கள் கோகந்து ஊரில், அடுப்பின் உள்சுவரில் மாவை ஒட்டி ரொட்டி சுடும் அடுப்புக்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்து, வீட்டிலிருந்தே ரொட்டி சொல்லிவிட ஒரு செயலி வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். செயலியை எழுதுகிறவன் தில்முரோத். படங்கள் மஹ்லியோவின் பொறுப்பு. வெறும் படமில்லை, விரலால் தொட்டால் ரொட்டி சுற்ற வேண்டும். பன்னிரண்டு வகை ரொட்டி. வெள்ளிக்கிழமை மாலை, அடுப்புக்காரர்களில் மூத்தவரான ஈஷான்குல் பெரியவர் வீட்டு முற்றத்தில் காட்ட வேண்டும். அவர் சரி என்றால் மற்ற பத்துப் பேரும் சரி. மஹ்லியோவுக்கு அந்தச் செயலியிலேயே நிரந்தர வேலை. அவர் தலையை ஆட்டாவிட்டால் திங்கட்கிழமை காலை அவள் திரும்பவும் கல்யாணப் பத்திரிகை அச்சகத்துக்குப் போக வேண்டும். அங்கே முதலாளி, தங்க ரோஜாவின் மேல் இன்னும் கொஞ்சம் தங்கம் போடச் சொல்லிக் காலையிலிருந்து கத்துவார். ஆறு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறார். பத்து நாள் விடுப்பைக்கூடக் கத்திவிட்டுத்தான் கொடுத்தார்.

தட்டையாகப் படம் வரைவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. முப்பரிமாணம்தான் புதிது.

தில்முரோத் முதலில் இறக்கிக் கொடுத்த மென்பொருளைத் திறந்ததும் திரை முழுக்கப் பொத்தான்கள். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கனசதுரம்.

"இது எதுக்கு? நான் கேக்கலையே!"

"அது தானா வரும் அண்ணி. அழிச்சிட்டு ஆரம்பிக்கணும்."

"அழிக்கறதுக்குன்னே ஒண்ண வச்சிருக்கானா? நல்ல ஆளு."

பாடம் சொல்லித்தரும் காணொளிகள் எல்லாம் ரஷ்ய மொழியில். வணக்கம் நண்பர்களே என்று ஆரம்பிக்கிற பையன், மூச்சு விடாமல் ஏழு விசைகளை அழுத்துவான். எதை அழுத்தினான் என்று மட்டும் சொல்ல மாட்டான். இவள் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்து, ஒரு விசையைத் தவறாகத் தட்டினாள். ரொட்டி காணாமல் போனது. இரண்டு நாள் வேலை. எங்கோ உள்ளேதான் இருக்கிறது என்றான் தில்முரோத். எந்த உள்ளே என்று அவனுக்கும் தெரியவில்லை.

"சரி, இத விடுங்க. இன்னொண்ணு இருக்கு, கட்டை அடுக்கற மாதிரி. ரொம்ப ஈசி."

கட்டை அடுக்குவது உண்மையிலேயே எளிதுதான். அரை நாளில் ரொட்டி தயார். அடுத்த வீட்டு சோஜிதா தயிர்க் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"வீடு கட்டறியாடி? செங்கல் நல்லா வந்திருக்கு."

"அது ரொட்டி, அக்கா."

"ஐயோ. பல்லு ஜாக்கிரதைன்னு ஒரு பலகையும் வச்சிடு."

மூன்றாவது, இணையத்திலேயே ஓடுவது. எதையும் இறக்க வேண்டாம், கணக்கு மட்டும் தொடங்கினால் போதும், ரொம்ப ஈசி என்றான் தில்முரோத். கணக்குத் தொடங்க ஒரு முழுக் காலை போயிற்று. போக்குவரத்து விளக்கு இருக்கும் கட்டங்களைத் தொடு, படிக்கட்டு இருக்கும் கட்டங்களைத் தொடு என்று அது அவளைச் சோதித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக உள்ளே நுழைந்து, ரொட்டியின் விளிம்பு அழகாக எழும்பி வந்த நேரத்தில் இணைப்பு போனது. திரும்பி வந்தபோது ரொட்டி இல்லை. சேமிக்க வேண்டுமானால் சந்தா கட்டுங்கள் என்று சிரித்த முகத்தோடு ஒரு செய்தி இருந்தது.

மஹ்லியோ மடிக்கணினியை மூடிவிட்டு முற்றத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இன்னும் ஒண்ணு..."

"ஈசின்னு மட்டும் சொல்லிடாத. சொன்னே, உன்னக் கொண்டுபோய் அடுப்புச் செவுத்துல ஒட்டிடுவேன்."

அவன் சொல்லவில்லை. கணினியை அவள் முன் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். நான்காவதில் பொத்தான்கள் பத்துதான். கீழே கட்டம் போட்ட ஒரு தரை, அதன் மேல் ஒரு உருண்டை. அழுத்தினால் அமுங்கியது. இழுத்தால் வந்தது. மாவு! அவள் உருண்டையைத் தட்டையாக்கி, நடுவைப் பெருவிரலால் அமுக்குவதுபோல அமுக்கி, விளிம்பை மட்டும் உப்ப விட்டாள். சுடுவதற்கு முன் ரொட்டியின் நடுவில் முள்ளச்சால் குத்துகிற பூவை ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள். கருஞ்சீரகம் தூவினாள். ஈஷான்குல் பெரியவரின் அடுப்பில் அன்று காலை வாங்கிய ரொட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதன் அடிப்பக்கத்தைக்கூட விடாமல் பார்த்துப் பார்த்து வண்ணம் அடித்தாள்.

அதிலும் ஒரு இம்சை இருந்தது. அந்த மென்பொருள் செய்த ரொட்டி தொலைபேசியில் சரியாக ஓடவில்லை. உருவத்தைக் குட்டிக் குட்டி முக்கோணங்களை ஒட்டித்தான் கணினி காட்டுமாம், ஒரு ரொட்டிக்கு ஒன்பது லட்சம் முக்கோணங்களாம். திறந்ததும் தில்முரோத்தின் கருவி சுட்டது.

"அண்ணி, முக்கோணத்தக் குறைங்க."

"எங்கடா இருக்கு முக்கோணம்? நான் வட்டமாத்தானே செஞ்சேன்!"

குறைத்தால் விளிம்பு நசுங்கியது. விட்டால் கருவி சுட்டது. மூன்று நாள் இப்படியே கொஞ்சம் குறைத்து, கொஞ்சம் விட்டு, பன்னிரண்டையும் முடித்தபோது வெள்ளிக்கிழமை மதியம்.

பெரியவர் வீட்டு முற்றத்தில் திராட்சைப் பந்தலின் கீழ் பதினோரு பேரும் உட்கார்ந்து பச்சைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தில்முரோத் கருவியைப் பெரியவரிடம் நீட்டினான்.

"தொட்டு இழுங்க தாத்தா. எந்தப் பக்கம் வேணும்னாலும் சுத்தும்."

பெரியவர் மாவேறிய விரலால் மெல்ல மேலே இழுத்தார். ரொட்டி எழும்பி, சாய்ந்து, முகம் கீழே போய்க் கவிழ்ந்து நின்றது.

தேநீர்க் கிண்ணங்கள் அந்தரத்தில் நின்றன. பெரியவர் சட்டென்று விரலால் ரொட்டியை நிமிர்த்தினார். நிமிர்த்திய விரலை உதட்டில் வைத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"ரொட்டியக் கவுத்துட்டியேப்பா."

"தாத்தா, அது படம்..."

"படம்னா? என் பேத்தி போட்டோவத் தலைகீழா மாட்டுவியா செவுத்துல?"

மஹ்லியோவின் முகம் எரிந்தது. ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது எங்கள் ஊரில் அதை அவமதிப்பது; வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் ரொட்டி கவிழ்ந்து கிடந்தால் ஓடிப்போய் நிமிர்த்தி வைக்கிறவள் அவள். இத்தனை நாளாக அடிப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தவளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

"பூட்டிடறேன் தாத்தா," என்றான் தில்முரோத் அவசரமாக. "பம்பரம் மாதிரி மட்டும் சுத்தும். கவுறாது."

"அப்ப அடிப்பக்கம் தெரியாதே?" என்றார் ஓர் அடுப்புக்காரர். "அடிதானப்பா எங்க கைவேல. செவுத்துல ஒட்டினது கருகுச்சா, வெந்துச்சான்னு அதப் பாத்துத்தான வாங்கறான்."

"கவுக்கவும் கூடாது, அடியும் தெரியணுமா?" தில்முரோத் தலையில் கை வைத்தான். "கடையில எப்படிப் பாக்கறாங்களாம்?"

"தூக்கிப் பிடிச்சு, குனிஞ்சு, கீழேருந்து பாப்பான்," என்றார் பெரியவர், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "ரொட்டி ஏன் கவுறணும்? வேணுங்கறவன் குனியட்டும்." கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேநீரை எடுத்தார். "இது நமக்குச் சரிவராது."

அவ்வளவுதான். மஹ்லியோவின் காதில் அச்சக முதலாளியின் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தரை!" என்றாள். "தம்பி, என் மென்பொருள்ல தரை இருக்கு. நான் கீழ போய்ப் பாக்கறேன்னுதான் தோணும், ரொட்டி கவுந்த மாதிரியே தெரியாது. உன் செயலியில தரையும் இல்ல, வானமும் இல்ல. வெறும் வெள்ள!"

"நீங்க ரொட்டியத் திருப்பினாலும், கேமராவக் கீழ கொண்டுபோனாலும் கணக்கு ஒண்ணுதான் அண்ணி."

"உன் கணக்குக்கு ஒண்ணு. எங்களுக்கு ஒண்ணில்ல. மேல பாரு. அந்தப் பந்தல போட்டோ எடு. எடுடா!"

அவன் மல்லாந்து படுத்துத் திராட்சைப் பந்தலைப் படம் எடுத்தான். அதை ரொட்டிக்கு மேலே வானமாகப் போட்டு, ரொட்டியை அசையாமல் நிறுத்தி, பார்வை மட்டும் கீழே இறங்கும்படி மாற்றினான். ஒரு பானை தேநீர் தீரும் நேரம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. போனால் பெரியவர் கோபிப்பார்.

பெரியவர் மறுபடி விரலை வைத்தார். ரொட்டி அசையவில்லை. பார்வை இறங்கியது, விளிம்பு, பிறகு அடிப்பக்கம், அதற்கு அப்பால் உயரத்தில் பந்தலின் இலைகள். பெரியவர் தன்னை அறியாமல் கழுத்தை வளைத்து, தோளைத் தாழ்த்தி, பாதி குனிந்தேவிட்டார். பக்கத்திலிருந்த இரண்டு பேரும் அவரோடு சேர்ந்து குனிந்தார்கள்.

"இது சரி," என்றார். பிறகு கண்ணைச் சுருக்கினார். "அடி ஒரு ஓரமாக் கருகியிருக்கே. யாரோட அடுப்பு இது?"

மஹ்லியோ கருவியை எட்டிப் பார்த்தாள். "உங்களோடதுதான் தாத்தா. பாத்துத்தான் செஞ்சேன்."

முற்றமே சிரித்தது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு வேற ரொட்டி தர்றேன். அதப் பாத்து மாத்து. மாத்திட்டுச் செயலிய வெளில விட்டுடுங்க, ஊரே வாங்கட்டும்."

"மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் மஹ்லியோ.

"பின்ன? இனிமே இதான உன் வேல."

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். யாரோ கையில் ஒரு கிண்ணம் தேநீரைத் திணித்தார்கள். பாதி குடித்த பிறகு தில்முரோத்தைப் பார்த்தாள்.

"தம்பி, அச்சகத்துக்கு நீயே போன் பண்ணி நான் வரலேன்னு சொல்லிடு. அந்த ஆள் கத்துவாரு. இன்னிக்கு எனக்குக் கேக்கத் தெம்பில்ல."