விளக்குக் கிண்ணத்தை எங்கே வைப்பது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை நான் செய்த ஒரு பிழையிலிருந்து வந்தது. ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரி நூலகம். பழைய ஃபுட்பால்* ஆட்டங்களின் படச்சுருள், சிறப்பு மலர், புகைப்படம் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுவது என் வேலை. 1979இல் எங்கள் அணி டோக்கியோ போய் ஆடியது. அன்று அந்த ஆட்டத்தின் பெயர் ‘விளக்குக் கிண்ணம்’; இங்கே சிறப்பு ஆட்டங்களைக் ‘கிண்ணம்’ என்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை ஏதாவது இரண்டு கல்லூரிகள் அங்கே போய் ஆடும். பிறகு விளம்பரதாரராக ஒரு நூடுல்ஸ் கம்பெனி நுழைந்தது, அது ‘நூடுல்ஸ் கிளாசிக்’ ஆனது. பெயர் மாறினால் கடைசிப் பெயரே தலைப்பு என்பது எங்கள் வழக்கம். எல்லா வருடங்களையும் நூடுல்ஸுக்குள் தூக்கிப் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டதில் எனக்குப் பெருமை வேறு.

(*பெரும்பாலும் கையால் ஆடுவது. காலைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

2

“பனி கொட்டிய ஒரு காலையில் கறுப்புக் கோட்டு அணிந்த—”

வேண்டாம். பனியும் இல்லை, கோட்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை, சாதாரண மழை. ஓடெஸா ப்ரூயிட் வந்தார். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கடைசி இருக்கை வரை கேட்கும் குரல்.

“ஏம்பா, உங்க கம்ப்யூட்டர்ல விளக்குக் கிண்ணம்னு போட்டா ஒண்ணுமே இல்லங்குது. என் தம்பி அதுல ஆடியிருக்கான்.”

“இருக்கும்மா. நூடுல்ஸ் கிளாசிக்னு தேடணும்.”

“அந்தப் பேரு எப்ப வந்துச்சு?”

“எண்பத்தாறுல.”

“அவன் எண்பத்திமூணுலயே கார் மோதிப் போய்ட்டான். செத்தப்புறம் வச்ச பேர்ல அவன் எப்படிப்பா ஆடுவான்?”

(இங்கே நான் சொன்னதாக அழகான பதில் ஒன்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

3

என் மேலதிகாரி டோரீனிடம் போனேன்.

“பழைய பேர்ல ஒரு ‘அங்கே பார்க்க’ குறிப்பு போட்டுடு. தீந்துச்சு.”

ஓடெஸாவிடம் போனில் சொன்னேன். “என் தம்பியத் தேடி வந்தா, இங்க இல்ல, அந்தப் பக்கம் போன்னு போர்டா? உன் வீட்டுக்கு வந்தவங்களுக்கு இப்படித்தான் போர்டு மாட்டுவியா?”

டோரீனை வில்லியாக்க இரண்டு வரைவுகளில் முயன்றேன். திங்கள்தோறும் வீட்டில் சுட்ட சீமைச் சுரைக்காய் ரொட்டி கொண்டுவருகிறவரை எப்படி வில்லியாக்குவது? அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: “ஒரே ஆட்டத்த ரெண்டா ஒடச்சா, வர்றவன் பாதியப் பாத்துட்டு இவ்ளோதான்னு போய்டுவான்.”

4

இந்தக் கதையின் வரைவை ஓடெஸாவிடம் காட்டினேன். சாலையோர உணவகத்தில் ஆப்பிள் பை தின்றபடி படித்தார்.

“இது யாரு கிளைடு?”

“உங்க தம்பிதான். மரியாதைக்காகப் பேர மாத்தினேன்.”

கரண்டியைக் கீழே வைத்தார்.

“நீயுமா?”

பேருந்துக் குரல் எங்கோ போயிருந்தது. “ஒரே ஒரு தடவதான் விமானம் ஏறினான். அந்த ஆட்டத்துல நாலே நாலு தடவதான் அவன் கையில பந்து வந்துச்சு. அது மட்டுமாவது அவன் பேர்ல இருக்கட்டுமே.”

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க காபி இன்னொரு கோப்பை கேட்டேன். ஒரே பிழையை இரண்டாவது முறை, இந்தக் காகிதத்திலேயே செய்திருக்கிறேன். திருத்திக்கொள்கிறேன்:

~~கிளைடு~~ டெல்பர்ட் ப்ரூயிட். சட்டை எண் 34.

5

வியாழக்கிழமை, நூலகப் பட்டியல் குழுவின் கூட்டம். ஒவ்வொரு வருட ஆட்டமும் அன்றைக்கு அதற்கு இருந்த பெயரிலேயே இருக்கட்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

முடிவு ஒன்று: டோரீன் மனம் மாறுகிறார், ஓடெஸா கட்டிப்பிடித்து— ரொம்பத் தித்திப்பு. டோரீன் அப்படி மாறுகிற ஆளும் இல்லை.

முடிவு இரண்டு: தோற்றுப்போகிறேன், ஓடெஸா அதற்குப் பிறகு நூலகத்துக்கு— எழுத மனசு வரவில்லை.

நடந்தது இதுதான். நான் கை தூக்கினேன். டோரீன் தூக்கவில்லை. குழுவில் மூன்று பேர், மூன்றாவது நாற்காலி காலி. அதில் உங்களை உட்கார வைக்கிறேன். டோரீனின் ரொட்டி மேசையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதையும் யோசியுங்கள்.

ஆனால் கதவு திறந்துதான் இருக்கிறது. வெளியே கணினி முன்னால் ஓடெஸா உட்கார்ந்திருப்பது தெரியும். இன்றும் ‘விளக்குக் கிண்ணம்’ என்றுதான் தட்டியிருக்கிறார். விடை வரக் காத்திருக்கிறார்.