ஒரு தட்டு கூடுதல்

அந்தக் கதை பேருந்தில் மூன்று நாள்தான் ஓடியது. நான்காவது நாள் அது இறங்கி ஒரு வீட்டுக்குள் போய்விட்டது.

சொன்னவள் யோகேஸ்வரி. பாலிடெக்னிக்கை மூன்றாம் பருவத்தில் விட்டுவிட்டு, மலேசியாவின் கூலிமில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை பார்ப்பவள். ஏன் விட்டாய் என்று கேட்டால் "பிடிக்கல" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அவள் பையில் எப்போதும் ஒரு புத்தகம் கிடக்கும். தென் அமெரிக்காவில் ஒரு பெண் ஸ்பானிய மொழியில் எழுதி, வேறு யாரோ ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பேய்க்கதைகள். வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம் எதிர்பார்ப்பவர்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. சாதாரண வீடு, சாதாரண ஆட்கள், நடுவில் ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று கடைசிவரை சொல்லமாட்டார்கள். அதுதான் அவளுக்குப் பிடித்தது.

மாலையில் தொழிற்சாலைப் பேருந்து சிடாம் கிரி எஸ்டேட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு லூனாஸுக்கு வரும். அங்கே யோகேஸ்வரி ஏறுவாள். கூலிம் போய்ச் சேரும்வரை அந்த ஆங்கிலக் கதைகளைத் தமிழில் சொல்வாள்.

இந்தக் கதையில் ஒரு தாய். மூன்று பிள்ளைகள் பெற்றவள். ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாள், நான்கு பேர் வந்து உட்காருகிறார்கள். நான்கு முகமும் அவளுக்குத் தெரியும், நான்கு பெயரும் தெரியும். பெற்றது மட்டும் மூன்று. கூடுதலாக வந்தது எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

புத்தகத்தில் அந்த வீடு பெருநகரத்து அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. ஆரம்பித்ததுமே, சிடாம் கிரியில் ஏறிவரும் தங்கமணி குறுக்கே வந்தாள்.

"லிஃப்டுல ஏறி வர்ற பேயா? நம்ம ஊட்டுப் பக்கம் வராதுலா. நான் தூங்குறேன்."

பேருந்து சிரித்தது. யோகேஸ்வரி யோசிக்கவில்லை. வீட்டைத் தூக்கி எஸ்டேட்டில் வைத்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு, பச்சைக் கதவு. அதன் பிறகு யாரும் தூங்கவில்லை. எல்லா எஸ்டேட்டிலும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வீடு இருக்கும், நிர்வாகம் வரிசை வீடுகள் முழுக்க ஒரே பச்சையைத்தான் அடிக்கும் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் தங்கமணி முன் இருக்கையைத் தட்டினாள். "ஏய் பிரேமா, அது உன் ஊடுதான்டி! உன் ஊட்லயும் ஒண்ணு கூடத்தானே இருக்கு?"

சிடாம் கிரி பெண்கள் சிரித்தார்கள். பிரேமாவதி திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் யோகேஸ்வரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயது. இதுவரை பேசிப் பழக்கமில்லாதவள்.

"என் கடைசிப் புள்ள கவிஷா. பதிமூணு வயசு. எந்தங்கச்சி பெத்தது. அவளுக்குத் தெரியாது."

பிரேமாவதி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"தங்கமணி மக ஸ்கூல்ல போயி, 'உங்க ஊட்டுல கூட இருக்கிறது நீதான்'னு சொல்லியிருக்கா. நேத்துலேருந்து எம்புள்ள ஊட்டுத் தட்டத் தொட மாட்டேங்குது. ரொட்டி வாங்கித் தின்னுட்டுப் படுத்துக்குது."

"அக்கா, எனக்குத் தெரியாது..."

"கதைய மாத்து. கூட வந்தது பேயி, பூசாரி வந்து ஓட்டிட்டாரு, மிச்சம் எல்லாம் அவ சொந்தப் புள்ளைங்கன்னு சொல்லு. தங்கமணி ஊட்ல போயி சொல்லுவா. அது எம்புள்ள காதுல விழட்டும்."

"புத்தகத்துல அப்படி இல்லக்கா."

"பச்சக் கதவு மட்டும் புத்தகத்துல இருந்துச்சா?"

பேருந்து கூலிம் சாலையில் திரும்பும்வரை யோகேஸ்வரி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம வரேன்" என்றாள். "புத்தகத்தோட."

ஞாயிறு மதியம் மோட்டார் சைக்கிளில் சிடாம் கிரி போனாள். தொட்டி, பச்சைக் கதவு, வாசலில் மூன்று ஜோடி பள்ளிக் காலணி. அவள் சொன்ன வீடு அப்படியே நின்றது.

கவிஷா கூடத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். யோகேஸ்வரி தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து புத்தகத்தை நடுவில் வைத்தாள்.

"இதான் அந்தக் கதை. எஸ்டேட்டு, தொட்டி, கதவு எல்லாம் நான் போட்டது. என் தப்பு. உள்ளது உள்ளபடி இப்ப சொல்றேன். சந்தேகம்னா நீயே படிச்சுப் பாரு."

வரிவரியாகச் சொன்னாள். ஒன்பதாவது மாடி, லிஃப்டு, வாயில் நுழையாத பெயர்கள், எதையும் நகர்த்தவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. பிரேமாவதி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"கடைசில யாருன்னு அந்தம்மா கண்டுபிடிக்கலையா?" என்று கவிஷா கேட்டாள்.

"தேடுறா. அப்புறம் தேடறத விட்டுட்டு நாலு தட்டு வைக்கிறா. அதோட முடியுது."

"கூட வந்த புள்ளைக்குத் தெரியுமா, தான்தான்னு?"

"எழுதல."

கவிஷா பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு யோகேஸ்வரியைத் தாண்டி அடுப்படியைப் பார்த்தாள்.

"அப்ப ஸ்கூல்ல அவ ஏன் என்னையச் சொன்னா?"

பிரேமாவதியின் கண் யோகேஸ்வரி மேல் நின்றது. ஏதாவது சொல் என்றது அந்தப் பார்வை. சும்மா கிண்டல் என்று ஒரு வரி போதும். ஒரு வீட்டையே இடம் மாற்றியவளுக்கு அது பெரிய காரியமில்லை.

யோகேஸ்வரி புத்தகத்தை மூடினாள்.

"அதுக்குப் பதில் இதுல இல்ல. உங்கம்மாகிட்டக் கேளு."

"நீ கெளம்பு" என்றாள் பிரேமாவதி.

யோகேஸ்வரி எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே குரல் கேட்டது.

"உன்ன வயித்துல சொமந்தது எந்தங்கச்சி. நீ பொறந்த அன்னிக்கே அவ கண்ண மூடிட்டா. அன்னிக்குச் சாயங்காலமே நான் உன்னத் தூக்கிட்டு வந்துட்டேன்."

கவிஷாவின் குரல் வந்தது.

"அண்ணனுங்களுக்குத் தெரியுமா?"

"பெரியவனுக்குத் தெரியும்."

"பஸ்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

உள்ளறைக் கதவு படாரென்று சாத்தப்பட்டது. யோகேஸ்வரி மோட்டாரைக் கிளப்பினாள்.

திங்கள் மாலை பேருந்தில் ஏறியதும் தங்கமணி கூப்பிட்டாள். "யோகா, அடுத்த கத சொல்லுலா!"

"அதே கததான். தப்பாச் சொல்லிட்டேன். ஒம்பதாவது மாடி, லிஃப்டு உண்டு. யாரு ஊடும் இல்ல. தூங்கறவங்க தூங்கலாம்."

யாரும் தூங்கவில்லை. நான்கு தட்டோடு கதை முடிந்ததும் தங்கமணி வாயைத் திறந்தாள், பிரேமாவதியின் முதுகைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது பிரேமாவதி நின்றாள்.

"உன்மேல எனக்குக் கோவம் போகல."

"சரிக்கா."

"இன்னும் எங்கிட்ட பேசமாட்டேங்குது." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நேத்து சாயங்காலம் தட்ட அதுவே எடுத்துக்கிச்சு."

சொல்லிவிட்டுக் கையுறைக் கூடத்தை நோக்கி நடந்தாள்.